அழுக்குக் கட்டடத்தை அழகாக்காமல் வரைவது எப்படி? இளம் கலைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நடுவயதுக் கட்டடங்களுக்கு நாதியில்லை. முந்நூறு வருடம் நின்றிருந்தால் பாரம்பரியச் சின்னம் என்று பலகை மாட்டுவார்கள். போன வருடம் கட்டியது என்றால் பளபளப்பைப் பார்த்தே நாலு பேர் படம் எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில், ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் எழுந்த அடுக்குமாடிகள், பேருந்து நிலையங்கள், அலுவலகக் கட்டடங்கள், தண்ணீர்த் தொட்டிகள், பல மாடி வாகன நிறுத்தங்கள் ஆகியவற்றை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், "இதை எப்போ இடிப்பாங்க?" என்பதுதான் கேள்வி.

ஓவியமும் புகைப்படமும் கற்கும் இளைஞர்கள் பலர் இன்று போய் நிற்பது இவற்றின் முன்னால்தான். நல்ல விஷயம். ஆனால் அங்கிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: கறுப்பு வெள்ளை, கனத்த மேகம், கூட்டிவிட்ட கான்ட்ராஸ்ட், ஆளே இல்லாத வராந்தா. ஒரு கட்டடத்தின் படத்துக்கு இன்னொன்றின் பெயரைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. படத்தில் சோகம் இருக்கிறது, கட்டடம் இல்லை. கீழே சொல்லப்போகும் வழிமுறை முழுக்க ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: ஒரு கறை அந்த இடத்தில் ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேக்கப் போட வேண்டிய அவசியமே வராது.

தொடங்கும் முன்: அசிங்கம் என்று சொன்னது யார்?

1887 பிப்ரவரி 14 அன்று பாரிஸின் 'லே தாம்' நாளிதழில் ஒரு கண்டனக் கடிதம் வெளியானது. ஈபிள் கோபுரம் நகரத்தையே கெடுத்துவிடும் என்று அதில் கொதித்தவர்கள் எழுத்தாளர்கள், ஓவியர்கள், சிற்பிகள், இசையமைப்பாளர்கள். பாரிஸ் ஓப்பரா மாளிகையை வடிவமைத்த சார்ல் கார்னியேவும் கையெழுத்துப் போட்டிருந்தார். கோபுரத்துக்கு அப்போது அஸ்திவாரம் தோண்டும் வேலைதான் நடந்துகொண்டிருந்தது. கலைஞர்களின் கண்ணும் காலத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர். 1925-இல் அவர் தண்டவாளத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒரு விக்டோரியா பாணி வீட்டை வரைந்தார். அந்தப் பாணி அன்றைக்குக் காலாவதியான பாணி. அதன் அலங்காரங்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்தான் அதிகம். 1930-இல் அந்த ஓவியம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. இங்கிலாந்தில் பிரெஸ்டன் பேருந்து நிலையம் 1969-இல் திறக்கப்பட்டது. 2012-இல் இடிப்பதென்று முடிவானது. 2013-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறியது. லண்டனில் 1972-இல் முடிந்த டிரெல்லிக் டவர் 1998-இல் அந்தப் பட்டியலுக்குள் வந்தது. அதே 1972-இல், அதே நகரத்தில் முடிந்த ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2017-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு துண்டை மட்டும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் எடுத்து வைத்துக்கொண்டது.

எது தப்பிக்கும், எது போகும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: ஒரு கட்டடம் போதும்

முதலில் தொடுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அடிக்கடி போகிற வழியில் இருக்க வேண்டும்; மழை நாளிலும், வெயில் உச்சியிலும், விளக்கு வைத்த பிறகும் போய்ப் பார்க்க முடிய வேண்டும். பொது வழியில் நின்றே முழுசாகப் பார்க்கக் கூடியதாக இருந்தால் அனுமதித் தொல்லை பாதி குறையும். இன்னொரு நிபந்தனையும் உண்டு, இதைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை: அது இன்னும் புழக்கத்தில் இருக்கும் கட்டடமாக இருக்கட்டும்.

ஏன் என்றால், கைவிடப்பட்ட பிரம்மாண்டங்கள் நம் வேலையைத் தாங்களே செய்துவிடும். கூரை இடிந்த மண்டபத்துக்குள் வெளிச்சம் விழுந்தால் யார் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988-இல் மூடப்பட்டது. அப்புறம் அதைப் படம் எடுக்காத கேமரா இல்லை என்னும் அளவுக்கு எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் ஊரே காலி என்று தோன்றும். லட்சக்கணக்கானவர்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2024-இல் திரும்பத் திறந்துவிட்டது. இடிபாட்டை மட்டும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இப்போது அங்கே வேலையில்லை.

ஆள் குடியிருக்கும், கொடியில் துணி காயும் கட்டடத்தில் உங்களுக்கு எதுவும் இலவசமாகக் கிடைக்காது. அதுதான் நல்லது.

படி 2: பென்சிலை எடுக்காதீர்கள், முதலில் தண்ணீரைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

கட்டடத்தின் முகத்தில் இருக்கும் பெரும்பாலான கோடுகளை வரைந்தது தண்ணீர். மழை மொட்டை மாடியில் விழுகிறது, கைப்பிடிச் சுவரின் மேல் வழிகிறது, சன்ஷேடில் தங்குகிறது, ஜன்னலின் அடிக்கட்டை ஓரமாக இறங்குகிறது. வேகமாக ஓடும் இடத்தில் சுவரைக் கழுவிவிட்டுப் போகிறது, அங்கே வெளிர் பட்டை. மெதுவாகக் கசியும் இடத்தில் சுமந்து வந்த தூசியை விட்டுவிட்டுப் போகிறது, அங்கே கறுப்புப் பட்டை. ஈரம் நின்றுகொண்டே இருந்தால் பாசி பிடித்து அந்தக் கறுப்பு இன்னும் ஆழமாகும். ஜன்னலுக்குக் கீழே இரண்டு முனைகளிலும் மீசை போலக் கறை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடிக்கட்டையின் மேல் விழுந்த தண்ணீர் நடுவில் சொட்டாமல் முனைக்கு ஓடி அங்கே இறங்குகிறது என்பதுதான் அதன் கதை.

சன்ஷேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடுகிறதா? தண்ணீர் அங்கே வந்ததும் மேலே ஏற முடியாமல் சொட்டிவிட வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் விட்ட பள்ளம் அது. அது இருக்கும் சன்ஷேடுக்குப் பின்னால் சுவர் சுத்தமாக இருக்கும். பெயின்ட் அடித்து அடித்து அந்தப் பள்ளம் தூர்ந்துபோயிருந்தால் தண்ணீர் அடிப்பக்கமாகவே நகர்ந்து சுவர் வரை போய்விடும். ஒரே கட்டடத்தில், ஒரே வரிசையில், ஒரு ஜன்னல் சுத்தமாகவும் அடுத்தது கறுத்தும் இருப்பதற்கு இத்தனை சின்ன விஷயம் காரணமாக இருக்கலாம்.

அடுத்து கான்கிரீட். புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு 12-க்கும் 13-க்கும் இடையில் இருக்கும். அந்தக் காரம் இருக்கும் வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பிஎச் 9 அளவுக்கு இறங்கியதும் கம்பியின் கவசம் போய்விடும். ஈரம் சேர்ந்தால் துரு. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் அது மேலே இருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. முதலில் மயிரிழை விரிசல், அதன் வழியே பழுப்புக் கசிவு, அப்புறம் ஒரு நாள் பொத்தென்று ஒரு சில்லு விழும். தூணின் விளிம்பு, சன்ஷேடின் அடி, பால்கனியின் நுனி ஆகிய இடங்களில் இது முதலில் தெரியும், ஏனென்றால் அங்கெல்லாம் கம்பிக்கு மேல் பூச்சு கம்மி.

தளத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் கான்கிரீட்டுக்குள் புகுந்து கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. காற்று பட்டதும் அது சுண்ணாம்புப் படிவமாக உறைகிறது. வாகன நிறுத்தங்களின் உட்கூரையில் குகையில் தொங்குவது போன்ற மெல்லிய வெள்ளைக் குச்சிகளைப் பார்த்தால் அதுவும் இதே வேலைதான்.

பூசாமல் விட்ட கான்கிரீட் என்றால் இன்னொரு பரிசு உண்டு. வார்க்கும்போது அடித்த ஷட்டரிங் பலகையின் ரேகை, முடிச்சு, ஆணித்தலை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே பிதுங்கிய கோடு எல்லாம் அப்படியே பதிந்திருக்கும். மரம் எப்போதோ போய்விட்டது, அதன் கைரேகை சுவரில் இருக்கிறது. 1952-இல் முடிந்த, பிரான்சின் மார்செய் நகரக் குடியிருப்பில் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே இந்தத் தடங்களை மறைக்காமல் வேண்டுமென்றே விட்டார். அவருக்குப் பின் உலகம் முழுக்க அது ஒரு பாணியாகவே பரவியது.

இப்படிப் பார்ப்பதற்கு ஒரு குறிப்பேடு போதும். கட்டடத்தின் முன்முகத்தை ஒரு கட்டம் போல அவசரமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அழகாக இருக்கத் தேவையில்லை. அதில் அம்புக்குறியால் தண்ணீரின் பாதையைக் குறியுங்கள். ஒவ்வொரு கறைக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுதுங்கள். காரணம் தெரியாததற்குக் கேள்விக்குறி. மழை பெய்கிற நாளில் குடையோடு போய் அந்தக் கேள்விக்குறிகளைச் சரிபாருங்கள். பல கேள்விகளுக்கு அங்கேயே, உங்கள் கண்ணெதிரே பதில் வழிந்துகொண்டிருக்கும்.

அலோய்ஸ் ரீகல் என்ற ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் 1903-இல் 'வயது மதிப்பு' என்றொரு கருத்தை முன்வைத்தார். வரலாறு படிக்காதவர்கூட ஒரு பழைய சுவரைப் பார்த்ததும் காலம் கடந்திருப்பதை உணர்ந்துவிடுவார். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை என்பது அவர் வாதம். பார்வையாளருக்கு அது சரி. வரைகிறவருக்குப் போதாது என்பது என் கட்சி. உணர்வோடு நிறுத்திக்கொண்டால் கை தன்னிஷ்டத்துக்கு எங்கெங்கோ கறை போடும். தண்ணீர் போகாத இடத்தில் ஒரு கறை போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று தட்டும்.

படி 3: குடியிருப்பவர்கள் செய்த திருத்தங்களைத் தேடுங்கள்

வானிலைக்கு அடுத்தபடி கட்டடத்தை மாற்றுபவர்கள் மனிதர்கள். மூடிய பால்கனி, செங்கல் வைத்து அடைத்த ஜன்னல், ஏசி பெட்டிக்காக உடைத்த துளை, வெளியே இழுத்த கேபிள் கற்றை, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பங்குக்கு மட்டும் அடித்த பெயின்ட். வடிவமைத்தவர் பார்த்தால் ரத்தக் கொதிப்பு வரும். நமக்கு இவைதான் முகபாவம்.

மாடிப்படியின் கைப்பிடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தில், எல்லாரும் பிடித்துத் திரும்பும் அந்த ஒரு சாண் நீளத்தில் பெயின்டே இருக்காது, இரும்பு பித்தளை மாதிரி மின்னும். அதிலிருந்து தள்ளிப் போகப் போக முதலில் செந்நிற பிரைமர் எட்டிப் பார்க்கும், அப்புறம் பழைய கிரீம் நிறம், அப்புறம் பச்சை, கடைசியில் கை படாத அடிப்பக்கத்தில் இப்போதைய சாம்பல் நிறம் கெட்டியாக, தூரிகை முடி ஒன்று ஒட்டியபடி. எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள், எந்தக் கை எங்கே பிடித்தது என்பதெல்லாம் ஒரு சாணுக்குள் இருக்கிறது. இதை மட்டும் நிஜ அளவில் வரையுங்கள். முழுக் கட்டடத்தை வரைவதற்கு முன் செய்ய வேண்டிய பயிற்சி இதுதான். முப்பது சென்டிமீட்டர் சதுரம், ஒன்றுக்கு ஒன்று அளவு. சுவர், கைப்பிடி, வாசற்படி, எதுவானாலும் சரி.

ஜப்பானியக் கலைஞர் அகாசேகாவா கென்பேய் இந்த மாதிரித் தேடலை ஒரு விளையாட்டாகவே வளர்த்தார். 1972-இல் டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் அவரும் நண்பர்களும் ஒரு படிக்கட்டைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். மேலே கதவு கிடையாது. இது போதாதென்று அதன் கைப்பிடியை யாரோ பழுது பார்த்தும் வைத்திருந்தார்கள். பயனே இல்லை, ஆனாலும் பராமரிக்கப்படுகிறது! இத்தகைய மிச்சங்களுக்கு அவர் பின்னாளில் 'தாமஸன்' என்று பெயர் வைத்தார். பெரிய சம்பளத்துக்கு ஜப்பானிய அணிக்கு வந்து மட்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பந்தைத் தவறவிட்ட அமெரிக்க பேஸ்பால் வீரர் கேரி தாமஸனின் நினைவாக.

உங்கள் கட்டடத்திலும் இவை இருக்கும். எங்கும் போகாத கதவு, எதையும் தாங்காத தூண், இடித்துவிட்ட பக்கத்து வீட்டின் கூரைக் கோடு சுவரில் முக்கோணமாக நிற்பது. தேடி எடுங்கள்.

படி 4: வெளிச்சத்தை நேரம் பார்த்துப் பிடியுங்கள்

மாலை மஞ்சள் வெயிலில் எல்லாமே அழகு, அதனாலேயே எனக்கு அதன் மேல் கொஞ்சம் சந்தேகம். உங்களுக்கு வேண்டியது இரண்டு வகை வெளிச்சம்.

ஒன்று, மேகம் மூடிய நாளின் சீரான வெளிச்சம். ஜெர்மானியத் தம்பதி பெர்ன்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகள், உலைகள், எரிவாயுக் கலன்கள், நிலக்கரிச் சுரங்கக் கோபுரங்கள் என்று தொழிற்சாலைக் கட்டடங்களை எடுத்தது இந்த வெளிச்சத்தில்தான். நிழல் விழுந்தால் வடிவம் குழம்பும் என்பதால் வெயில் நாட்களைத் தவிர்த்தார்கள். பெரிய வடிவக் கேமரா, நேர்ப் பார்வை, ஒரே சாம்பல் வானம். ஒரே வகைக் கட்டடங்களின் படங்களை வரிசை வரிசையாகக் கட்டம் போல மாட்டினார்கள். 1990-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த 'தங்கச் சிங்கம்' சிற்பத்துக்கான விருது. கொடுத்ததோ புகைப்படங்களுக்கு! நடுவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, சுவரை உரசிக்கொண்டு போகும் சாய்ந்த வெயில். ஒரு சுவர் வெயிலுக்குள் வரும் முதல் சில நிமிடங்களிலும் வெயிலை விட்டு விலகும் கடைசிச் சில நிமிடங்களிலும் மட்டும் இது கிடைக்கும். அப்போது பலகை ரேகைகள், பூச்சின் மேடு பள்ளம், டைல்ஸ் விழுந்த இடத்தில் கரண்டி இழுத்த கோடுகள் எல்லாம் எழுந்து நிற்கும். எந்தச் சுவருக்கு எப்போது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மாதத்துக்கு மாதம் மாறும்.

படி 5: நிற்கும் இடம், கேமரா

கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னால் சாயும். இடமிருந்தால் பின்வாங்குங்கள். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மூன்றாவது மாடிப் படிக்கட்டில் நிற்க அனுமதி கிடைத்தால் அதுவே சிறந்த இடம், கட்டடத்தின் பாதி உயரத்தில் கண் இருக்கும், தூண்கள் நேராக நிற்கும். போன் கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு ஒரு தூணோடு பொருத்துங்கள். மிக அகலமான லென்ஸைத் தவிருங்கள், அது ஓரங்களை இழுத்துவிடும்.

எடுத்த பிறகு செய்யும் வேலையில் கஞ்சத்தனம் காட்டுங்கள். நேர்செய்வது, வெளிச்ச அளவு, அவ்வளவுதான். கறையைத் தூக்கிக் காட்டும் ஸ்லைடர்கள் எல்லாம் கட்டடத்துக்கு இல்லாத வயதைக் கூட்டும். கறுப்பு வெள்ளைக்கும் உடனே போகாதீர்கள். பாசியின் பச்சையும் துருவின் செம்மண் நிறமும் வெளுத்த நீல பெயின்டும் நீங்கள் படி 2-இல் சேகரித்த தகவல்கள். அவற்றைத் தூக்கி எறிய ஒரு காரணம் வேண்டும்.

படி 6: வரைதல்

இப்போது பென்சில். பெரிய உருவத்தை முதலில் பிடியுங்கள்: வானத்துக்கு எதிரே கட்டடத்தின் வெளிக்கோடு என்ன? கண் மட்டம் எங்கே? சரிவுக் கோடுகள் எங்கே போய்ச் சேர்கின்றன?

இவ்வகைக் கட்டடங்களில் ஒரே ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். தூரம் போகப் போக இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்று உத்தேசமாகப் போட்டால் நிச்சயம் தவறும். ஒரு பழைய உபாயம் இருக்கிறது. முதல் தூணையும் இரண்டாவது தூணையும் சரியாகப் போடுங்கள். இரண்டாவது தூணின் நடுவில் ஒரு புள்ளி. முதல் தூணின் உச்சியிலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோட்டை இறக்கினால் அது தரைக்கோட்டை வெட்டும் இடத்தில் மூன்றாவது தூண். இரண்டாவதின் உச்சியிலிருந்து மூன்றாவதின் நடுப்புள்ளி வழியாக இழுத்தால் நான்காவது. இப்படியே போகலாம். அளவுகோல்கூட வேண்டாம்.

கட்டம் சரியாக விழுந்த பிறகுதான் சுவாரசியம். எல்லா ஜன்னலும் ஒரே அளவு, ஆனால் எதுவும் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் திரை, ஒன்றில் வானத்தின் பிரதிபலிப்பு, ஒன்றில் அட்டை ஒட்டியிருக்கிறது, ஒன்று பாதி திறந்திருக்கிறது. கை தானாக ஒரே ஜன்னலை நகல் எடுக்கப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்கள், அது போதும்.

வண்ணம் என்று வந்தால் டியூபில் வரும் சாம்பல் நிறத்தைத் தொடாதீர்கள், கறுப்பில் வெள்ளை கலப்பதும் அதே செத்த நிறத்தைத்தான் தரும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். ஈரமான கான்கிரீட்டுக்கு முன்னது, வெயில் படும் காய்ந்த சுவருக்குப் பின்னது. அதே சியன்னாவைத் தனியாக எடுத்தால் துருவுக்கும் ஆயிற்று. நீர்வண்ணத்தில் அல்ட்ராமரீன் தாளின் பள்ளங்களில் பொடிப்பொடியாகப் படியும். சொரசொரப்பான சுவருக்கு அது தானாகவே அமைந்த வசதி.

கறைகளைக் கடைசியில் போடுங்கள், மேலிருந்து கீழாக, தண்ணீர் போன திசையிலேயே. தாளைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்துத் தூரிகையைத் தொட்டுவிட்டால் வண்ணம் தானே இறங்கும். சுவரில் நடந்ததைத் தாளில் நடக்கவிடுகிறீர்கள்.

படி 7: வேறு பொருட்களிலும் முயலுங்கள்

ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தேய்ந்த மரத்தரையின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அதன் ரேகைகளைப் படமாக எடுத்தார். பலகைத் தடம் பதிந்த கான்கிரீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. மெல்லிய தாள், மென்மையான பென்சில் அல்லது கரித்துண்டு, அவ்வளவுதான். பெயின்ட் உதிரும் சுவரில் மட்டும் செய்யாதீர்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும்.

இங்கிலாந்து ஓவியர் ஜார்ஜ் ஷா தான் வளர்ந்த கோவென்ட்ரியின் டைல் ஹில் குடியிருப்பைத் திரும்பத் திரும்ப வரைகிறார். அவர் பயன்படுத்துவது பொம்மை விமானங்களுக்கும் ரயில்களுக்கும் அடிக்கிற ஹம்ப்ரால் எனாமல் பெயின்ட். ஈரச் சாலையும் ஷட்டர் இறக்கிய கேரேஜும் அந்த எனாமலில் ஒருவித மினுக்கத்தோடு நிற்கும். பொருளுக்கும் இடத்துக்கும் உறவு இருக்கிறது: அந்தத் தெருப் பையன்கள் கையில் இருந்த பெயின்ட் அது.

பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் இன்னொரு எல்லைக்குப் போனார். 1993-இல் கிழக்கு லண்டனில் இடிக்கவிருந்த ஒரு சாதாரண வீட்டின் உட்புறத்தில் கான்கிரீட்டைக் கனமாகப் பூசி, பிறகு வெளிச்சுவர்களை எடுத்துவிட்டார். அறைகளின் வெற்றிடம் திடப்பொருளாகத் தெருவில் நின்றது. பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசும் அவ்வருடம் கிடைத்தது. 1994 ஜனவரியில் அந்தச் சிற்பமும் இடிக்கப்பட்டது. நீங்கள் வீட்டையே வார்க்க வேண்டாம். ஒரு சுவிட்ச் பெட்டியின் உட்குழிவைப் பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எடுத்துப் பாருங்கள், அனுமதியோடு.

படி 8: உள்ளே இருப்பவர்கள்

உங்களுக்கு அருமையான ஈரக்கறையாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்குக் குழந்தையின் இருமல். இதை மறந்துவிட்டு "எவ்வளவு அழகு!" என்று அவர் முன்னால் சொன்னால் கதவு சாத்தப்படும், சாத்தவும் வேண்டும். முதலில் என்ன வரைகிறீர்கள் என்று காட்டுங்கள். "இந்தக் கறை எப்போதிருந்து இருக்கு?" என்று கேளுங்கள். படி 2-இல் கேள்விக்குறி போட்டவற்றில் பலவற்றுக்கு விடை அவர்களிடம் இருக்கிறது: எந்த வருடம் குழாய் மாற்றினார்கள், எந்த வீட்டுக்காரர் முதலில் பால்கனியை மூடினார், எங்கே காரை பெயர்ந்து விழுந்தது. காவலாளியும் பிளம்பரும் கட்டடக் கலைஞருக்குத் தெரியாததை எல்லாம் சொல்வார்கள்.

சில விதிகள் வளைந்து கொடுக்காதவை. திறந்த ஜன்னல் வழியே உள்ளே இருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். காயும் துணியை எடுக்கலாமா என்பதைக்கூடக் கேட்டுவிடுங்கள். காலிக் கட்டடத்துக்குள் அனுமதி இல்லாமல், தனியாக, ஒருபோதும் நுழையாதீர்கள்: தளம் நம்பக்கூடியதாக இருக்காது, உடைந்த பழைய சிமென்ட் ஷீட்டில் கல்நார் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு எமன். புறா எச்சம் காய்ந்து கிடக்கும் இடமும் அப்படித்தான். கட்டடங்களின் படத்தை விற்பது, அச்சிடுவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், காசு புழங்கும் வேலை என்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 9: தேர்ந்தெடுப்பதும் காட்டுவதும்

கையில் குவியும். தேர்ந்தெடுக்க ஒரு சோதனை சொல்கிறேன்: படத்தைப் பார்த்து, கட்டடத்தைத் தெரியாத ஒருவர் அதைப் பற்றி ஒரு தகவலாவது சொல்ல முடிகிறதா? "மேற்குப் பக்கம் மழை அடிக்கிறது போல", "இந்த வீட்டில் மட்டும் புதுசாக யாரோ வந்திருக்கிறார்கள்." இப்படி ஏதாவது வந்தால் படம் தேறிவிட்டது. "ஐயோ பாவம்" என்பது மட்டும் வந்தால் எடுத்து ஓரம் வையுங்கள், எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும்.

வரிசைப்படுத்த இரண்டு வழி. ஒரே கட்டடத்தைப் பல பருவங்களில் காட்டுவது, அல்லது ஒரே உறுப்பைப் பல கட்டடங்களில் காட்டுவது. பால்கனி என்றால் பால்கனி மட்டும், ஒரே தூரம், ஒரே அளவு, ஒரே வெளிச்சம். இரண்டாவது வழி பெஷர் தம்பதியின் வழி. அதில் ஒழுங்கு தவறினால் தொகுப்பே உதிர்ந்துவிடும். முதல் கட்டடத்தை முடிக்காமல் அதற்குப் போக வேண்டாம்.

காட்டும் இடம் முடிந்தால் அந்தக் கட்டடமாகவே இருக்கட்டும். தரைத்தள நடைபாதை, மாடிப்படியின் திருப்பம், அறிவிப்புப் பலகையின் பக்கச் சுவர். கண்காட்சிக் கூடத்தில் வரும் பாராட்டைவிட, "என் வீட்டு ஜன்னல் இப்படியில்ல, கிரில்லுல நாலு கம்பிதான்" என்று ஒருவர் அங்கே சொல்லும் திருத்தம் உபயோகமானது. உடனே திருத்துங்கள்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை, முந்தைய நாள் மழையா வெயிலா என்பதை எழுதுங்கள். கட்டடத்தில் கட்டிய வருடம் பொறித்த கல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுத் தொகுப்பின் ஒரு பிரதியைக் குடியிருப்போர் சங்கத்திடமோ நிர்வாகியிடமோ கொடுத்துவிடுங்கள். எங்கே கசிகிறது என்று கறைகளுக்குக் காரணம் எழுதிய அந்த முதல் கட்டப் படமும் அதில் இருக்கட்டும். அடுத்த முறை பழுது பார்க்க வருபவருக்கு ஓவியத்தைவிட அதுதான் முதலில் தேவைப்படும்.